வீட்டு வரி சில நூறு. திரும்ப வாங்க 70 வளைவு இறங்கணும்! ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கான சலுகை: முழு விவரம்

கொல்லிமலை:

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் சொந்த வீடு வைத்திருக்கும் முன்னாள் படைவீரர்கள், குறிப்பாக போரில் கை, கால், பார்வை இழந்து ஊர் திரும்பியவர்கள், தாங்கள் கட்டிய வீட்டு வரியை அரசிடம் இருந்து திரும்பப் பெற முடியும். போரில் உயிரிழந்த வீரர்களின் மனைவிமாருக்கும் இந்தச் சலுகை உண்டு.

ஆனால் கொல்லிமலையில் இது எளிதாகக் கைக்கு வரும் சலுகை அல்ல. மலையில் ஒரு ஓட்டு வீட்டுக்கோ சின்ன கான்கிரீட் வீட்டுக்கோ ஊராட்சி போடும் வரி பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதைத் திரும்ப வாங்க விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய இடமோ மலைக்குக் கீழே, நாமக்கல்லில் இருக்கிறது. "அந்தக் காசுக்கு யாரு அலையறது" என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். விடாமல் வாங்குவது எப்படி, அதற்கு முன் வீட்டில் எந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற விவரம் வருமாறு:

தள்ளுபடி இல்லை, திருப்பித் தருவதுதான்

பலரும் குழம்புவது இங்கேதான். முன்னாள் படைவீரர் என்றால் ஊராட்சி வரியே கேட்காது என்று நினைத்து கட்டாமல் இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் இந்தச் சலுகை வரி விலக்காக இல்லை. முதலில் எல்லோரையும் போல வரியைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். பிறகு அந்த ரசீதை வைத்து முன்னாள் படைவீரர் நலத்துறை மூலமாக தொகையை மீளப் பெற வேண்டும். கட்டாமல் விட்டால் அது ஊராட்சிக் கணக்கில் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும்.

இதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன்படி வீட்டு வரி என்பது கிராம ஊராட்சியின் சொந்த வருமானம். தெரு விளக்கு பல்பு மாற்றுவது, குடிநீர் மோட்டார் ரிப்பேர் செய்வது எல்லாம் இந்தக் காசில்தான் நடக்கிறது. அதில் கை வைக்காமல் வீரருக்கும் சலுகை தர வேண்டும் என்றால் கட்ட வைத்து திருப்பித் தருவதுதான் வழி. கணக்குக்கு அது சரி. ஆனால் மலையில் இருப்பவருக்கு ஒரு வேலை இரண்டு வேலையாகி விடுகிறது.

கிராமத்தில் இதற்குப் பெயர் வீட்டு வரி. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இதையே சொத்து வரி என்பார்கள்.

யாருக்குக் கிடைக்கும்?

போரில் ஊனமுற்றவர்கள், போரில் இறந்தவர்களின் மனைவிமார், வீரப்பதக்கம் பெற்றவர்கள் ஆகிய பிரிவினருக்காக வந்த சலுகை இது. பின்னாளில் மற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் நிபந்தனைகளுடன் விரிவாக்கப்பட்டது. வீடு சொந்த வீடாக இருக்க வேண்டும், அதில் அவரே குடியிருக்க வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது, படையில் இருந்து வந்த பின் மத்திய, மாநில அரசுப் பணியில் மறுவேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது என்பவை அந்த நிபந்தனைகளில் முக்கியமானவை. வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கேட்டால் கிடைக்காது.

எந்த ஊனம் கணக்கில் வரும்?

ஒருவர் பட்டாளத்தில் இருந்தார், இப்போது கால் இல்லை என்றால் மட்டும் போதாது. அந்தக் கால் எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. ஓய்வு பெற்று வந்த பிறகு சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி, தவறி விழுந்து இடுப்பு உடைந்தவரும் மாற்றுத்திறனாளிதான். அவருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் உதவிகள் உண்டு. ஆனால் அவர் 'போரில் ஊனமுற்ற படைவீரர்' ஆக மாட்டார். 

ராணுவத்தில் இதைப் பிரிக்க தனிக் கணக்கே இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31-ல் வெளியிட்ட ஓய்வூதிய ஆணையில் இறப்பும் ஊனமும் ஏ முதல் இ வரை 5 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. 'ஏ' என்றால் பணிக்குத் தொடர்பில்லாதது. 'பி' பணியால் வந்த, அல்லது பணியால் அதிகமான நோய். 'சி' பணியின்போது நேர்ந்த விபத்து. 'டி' தீவிரவாதிகள், சமூக விரோதிகளின் தாக்குதல். 'இ' போர், எல்லைச் சண்டை, கண்ணிவெடி அகற்றுதல் போன்றவை. கார்கிலில் குண்டு பட்டவரும், லாரி கவிழ்ந்து முதுகெலும்பு போனவரும் இரண்டு வேறு பிரிவு.

அதனால் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாற்றுத்திறனாளி அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் வேலை நடக்காது. ராணுவ மருத்துவக் குழு கொடுத்த அறிக்கையும், ஊனம் பற்றிய குறிப்பு உள்ள ஓய்வூதிய ஆணையும்தான் பேசும்.

அந்த ஆணையை எடுக்கும்போதே...

வீட்டு வரிக்காக பெட்டியைத் திறந்து 'பி.பி.ஓ.' எனப்படும் ஓய்வூதிய ஆணையை வெளியே எடுக்கிறவர்கள், அதிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. ஊனம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? வரியை விட இதில்தான் பெரிய காசு இருக்கிறது.

100 சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் ஊனத் தொகையாக ஓய்வூதியத்தோடு சேரும். சதவீதம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் 1996 ஜனவரி 1 முதல் வந்த விதிப்படி ஊனத்தால் பணியில் இருந்து அனுப்பப்பட்டவருக்கு 50-க்குக் கீழ் உள்ள ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், 76-க்கு மேல் உள்ளதை 100 என்றும் கணக்கிட வேண்டும். முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இது கிடையாது என்று முதலில் மறுக்கப்பட்டது. ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2014 டிசம்பர் 10-ல் அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது.

உதாரணத்துக்கு, கடைசிச் சம்பளம் 30 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத ஊனம் என்றால் மாதம் 2 ஆயிரத்து 700 ரூபாய். அதையே 50 சதவீதமாகக் கணக்கிட்டால் 4 ஆயிரத்து 500 ரூபாய். வித்தியாசம் மாதம் 1,800. வருஷத்துக்கு 21 ஆயிரத்து 600 ரூபாய். சில நூறு ரூபாய் வரிக்காக மலை இறங்குகிறவருக்கு இந்த விஷயம் மாட்டினால் பஸ் காசு வீண் போகாது. 

இந்தக் கணக்கு பழைய ஆட்களுக்கு. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் பணியில் இருந்து வந்தவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

வீடு யார் பேரில் இருக்கு?

கொல்லிமலை மட்டுமல்ல, எந்தக் கிராமத்திலும் மனு திரும்பி வர முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மகன் பட்டாளத்தில் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டியிருப்பார். ஆனால் ஊராட்சிப் பதிவேட்டில் இன்னும் அப்பா பெயரோ, தாத்தா பெயரோ இருக்கும். ரசீதும் அந்தப் பெயரில்தான் வரும். அந்த ரசீதை வைத்து மகன் கேட்க முடியாது.

முதல் வேலையாக ஊராட்சி செயலரைப் பார்த்து வரிப் பதிவேட்டில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா நகல் என்று கைவசம் உள்ளதை எல்லாம் கொண்டுபோக வேண்டும். அண்ணன் தம்பி பங்கு பிரிக்காமல் இருந்தால் அங்கேயே நின்றுபோகும். அதை முடிக்காமல் நாமக்கல் போய்ப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது பெயர் எழுத்து. ராணுவ ஆவணத்தில் இங்கிலீஷில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, வரி ரசீதில் தமிழில் இன்னொரு மாதிரி. இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். ராணுவ ஆவணத்தில் பிழை என்றால் அந்தந்த ரெஜிமென்டின் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் உள்ளது. பீரங்கிப் படைக்கு நாசிக். மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்புக்கு பெங்களூரு. சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூர். பதில் வர நாளாகும் என்பதால் இதை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை என்று பார்த்தால், வீட்டு வரி ரசீது, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, படைவிலகல் புத்தகம், ஓய்வூதிய ஆணை, மருத்துவக் குழு அறிக்கை, ஆதார், பேங்க் பாஸ்புக். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இரண்டு செட். அசலைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. காட்டிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடையாள அட்டையே எடுக்காதவர்கள் முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும். பிள்ளைகளின் படிப்பு உதவியில் இருந்து எல்லாச் சலுகைக்கும் வாசல் அதுதான்.

70 கொண்டை ஊசி வளைவு

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என 14 ஊராட்சிகள் உள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 40 ஆயிரம். பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். தாலுகா அலுவலகமும் ஒன்றிய அலுவலகமும் செம்மேட்டில் இருக்கின்றன. ஆனால் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத் தலைநகரில்தான்.

செம்மேட்டில் இருந்து சோளக்காடு வழியாக காரவள்ளி இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து சேந்தமங்கலம், அப்புறம் நாமக்கல். பஸ்சில் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். உள்நாட்டுக் கிராமங்களில் இருந்து செம்மேடு வரவே தனியாக நேரம் ஆகும். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு, அதுவும் சுற்றுதான். செயற்கைக் கால் மாட்டியவர் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போவதை யோசித்துப் பார்த்தால், கால் போனதற்காகக் கொடுக்கிற சலுகையை காலால் நடந்து வந்து வாங்கு என்பது போலத்தான் இருக்கிறது. செம்மேட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து மனு வாங்கினால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

அதுவரைக்கும் செய்யக்கூடியது, ஒரே நடையில் வேலையை முடிப்பதுதான். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷத்துக்கான வரியை மொத்தமாகக் கட்டி ஒரே மனுவாகக் கொடுக்கலாம். ஊராட்சி வரியை ஆன்லைனில் கட்டும் வசதி 2023-ல் வந்துவிட்டதால் செல்போனிலேயே கட்டலாம், கம்ப்யூட்டர் ரசீதும் கிடைக்கும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், முன்னாள் படைவீரர்களுக்கென்று அவ்வப்போது நடத்தப்படும் சிறப்புக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கிளம்பும் முன் நல அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு அந்த வருஷத்துக்கான விண்ணப்பப் படிவம் என்ன, ஆள் நேரில் வரணுமா, வீட்டில் உள்ளவர் கொண்டுவந்தால் போதுமா என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

மற்ற ஊர்களில் எப்படி?

பக்கத்து ஆந்திராவில் துணை முதல்-மந்திரி பவன் கல்யாண் 2025 மே மாதம், கிராம ஊராட்சிகளில் உள்ள படைவீரர்களின் வீடுகளுக்கு வரி விலக்கு என்று அறிவித்தார். அங்கே கட்டி வாங்கும் வேலை இல்லை. மராட்டியத்தில் 2020-ல் பாலாசாகேப் தாக்கரே பெயரில் முன்னாள் படைவீரர்களுக்கு சொத்து வரி விலக்குத் திட்டம் கொண்டுவரப்பட்டது. 

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் மாநிலத்தில் 100 சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்ட வீரர் குடியிருக்கும் வீட்டுக்கு 2009-ல் இருந்து முழு விலக்கு. அதற்குக் குறைந்த சதவீதம் என்றால் வீட்டின் மதிப்பில் 5 ஆயிரம் முதல் 12 ஆயிரம் டாலர் வரை கழித்துவிட்டு மீதிக்கு வரி போடுகிறார்கள்.

மலையை விட்டு இறங்கியவர்களுக்கு...

பிள்ளைகள் படிப்புக்காக சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ வீடு கட்டி இறங்கிவிட்டவர்களுக்கு இந்தச் சலுகையின் மதிப்பு வேறு. நகர்ப்புறங்களில் சொத்து வரி 2022-ல் உயர்த்தப்பட்டது. குடியிருப்பு வீடுகளில் 600 சதுர அடிக்குக் கீழ் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என ஏற்றினார்கள். நாமக்கல் 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அங்கே வரி ஆயிரக்கணக்கில் வரும் என்பதால் ரசீதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மலையில் ஒரு வீடு, கீழே ஒரு வீடு என்று இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் கேட்க முடியாது. எதில் குடியிருக்கிறாரோ அதற்குத்தான். ஆதாரில் எந்த முகவரி இருக்கிறது என்பதையும் மனு கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.