மக்காச்சோளமும் தத்துப்பூச்சியும்



பர்கூர்ப் பக்கம் தக்காளி போட்டவர்களுக்கு இலைச்சுருள் நோயைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு உறிஞ்சி, வைரஸை அடுத்த செடிக்குக் கொண்டு போகிறது. தோட்டமே சுருண்டு கிடக்க, நடுவில் நாலு செடி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். "இது நோயைத் தாங்குதுங்க, விதைக்கு விட்டிருக்கேன்" என்பீர்கள். (ஒட்டு ரகமானால் விதைக்கு விடுவதே வீண், அது வேறு பேச்சு.) செடி தாங்கியதா, இல்லை ஈ அந்தப் பக்கம் போகவே இல்லையா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இதைப் பிரித்தறிய ஆப்பிரிக்காவில் மக்காச்சோளத்தில் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அங்கே கீற்று நோய் என்று ஒன்று. நம் நாட்டு நோய் அல்ல. இலை நரம்பை ஒட்டி வெளிறிய கோடுகள் ஓடும். இளம்பயிரில் வந்தால் கதிரை மறந்துவிட வேண்டியதுதான். 1901-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கிளாட் ஃபுல்லர் என்பவர் இதை விவரித்து எழுதினார். மண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். 1920-களில் ஸ்டோரி என்ற விஞ்ஞானி, இது வைரஸ் நோய் என்றும், எள்ளளவே உள்ள தத்துப்பூச்சி பரப்புகிறது என்றும் காட்டினார்.

பிறகு, இன்றைய தான்சானியாவிலுள்ள அமானி ஆராய்ச்சி நிலையத்தில் அவர் இன்னொன்றும் கண்டார். ஒரே இனப் பூச்சியிலும் சில நோயைப் பரப்பும், சில பரப்பாது. அந்தக் குணம் வழிவழியாக வருகிறது என்று 1932-இல் எழுதினார். பரப்பாத பூச்சியின் குடலை நுண்ணிய ஊசியால் குத்தினால் அதுவும் பரப்பியது! யோசித்துப் பாருங்க, பரப்பாத பூச்சியை விட்டுச் சோதித்தால் எந்த ரகமும் நல்ல ரகம்தானே.

நைஜீரியாவின் இபாதான் நகரில் 1967-இல் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் தொடங்கியது. வயலில் தானாக நோய் வரட்டும் என்று காத்திருந்தால், ஒரு வருஷம் வரும், மறு வருஷம் ஏமாற்றும். அதனால் 1970-களில் அங்கே பூச்சியையே பயிராக்கினார்கள். எதில் வளர்த்தார்கள் தெரியுமா? நம்ம கம்புப் பயிரில்தான்! அப்புறம் நோய் கண்ட மக்காச்சோளத்தில் மேயவிட்டு, கரியமில வாயுவால் மயக்கி, ஒவ்வொரு நாற்றின் குருத்திலும் சில பூச்சிகளைப் போட்டார்கள். எந்த நாற்றும் தப்ப வழியில்லை. அதன்பின் பச்சையாய் நின்றதை நம்பலாம்.

அப்படித் தேறிய செடிகளிலிருந்து வந்த ரகங்களுக்காக அந்த நிறுவனத்துக்கு 1986-இல் பெல்ஜிய மன்னர் பௌதுவின் பெயரிலான விருது கிடைத்தது. அந்த ரகங்களில் கோடே விழாது என்றில்லை. கொஞ்சம் விழும், ஆனாலும் கதிர் கட்டும்.