வேப்

இலத்தீனில் நீராவியைக் குறித்த சொல் ஆங்கிலத்தில் 'வேப்பர்' ஆகி, பின்பு வால் நறுக்கப்பட்டு 'வேப்' என்று நின்றது. 1983-இல் ராப் ஸ்டெப்னி 'நியூ சொசைட்டி' இதழில் எழுதிய கட்டுரையிலேயே 'வேப்பிங்' வந்துவிட்டது. அப்போது மின்சிகரெட் என்னும் அந்தக் கருவி கடைக்கு வந்திருக்கவில்லை. பொருளைச் சொல் முந்திக்கொண்டது. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 'வேப்' என்பதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரி 1 அன்று கொலராடோவில் கஞ்சாவின் சில்லறை விற்பனை சட்டப்படி தொடங்கியது. அப்படி விற்பனைக்கு வந்த கஞ்சாவின் செறிவூட்டிய சாற்றை அடைத்த பேனா போன்ற கருவிக்கும் இப்பெயரே.

பெயர் பொருளுக்குப் பொருந்தவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவியிலுள்ள திரவம் சூடேறிய கம்பிச்சுருளில் பட்டு நெஞ்சுக்குள் போவது வெறும் ஆவியன்று; குளிர்ந்து திரண்ட நுண்துளிகள். ஆகவே இதை 'ஆவி பிடித்தல்' என்று தமிழாக்கவே கூடாது. சளிக்கு நொச்சித் தழை போட்டு, போர்வைக்குள் முகம் வியர்க்கப் பிடிக்கும் ஆவிக்கும் இதற்கும் உறவில்லை. இது வெறும் சொல் விவகாரமன்று. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே நுரையீரல் நோய் பரவியது. கள்ளச்சந்தைக் கஞ்சாக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. 2020 பிப்ரவரிக்குள் அந்நோயால் 68 பேர் இறந்திருந்தனர்.