திண்டுக்கல் சமவெளியின் ஒளிநாடாக்கள்

தமிழக அரசியல் வரலாற்றைப் படிக்கும் எவரும் 1973ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலைத் தாண்டிச் செல்ல இயலாது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, கே. மாயத்தேவரை வேட்பாளராக நிறுத்தி, இரட்டை இலைச் சின்னத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றது இங்குதான். அத்தேர்தலைப் பற்றி நாளிதழ்ச் செய்திகள் கிடைக்கின்றன; தமிழகத் தொலைக்காட்சிப் பதிவு ஏதும் இல்லை. இருக்கவும் முடியாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கிற்று. இல்லாத ஒன்றுக்காக வருந்திப் பயனில்லை. நம் கவலை, பிற்காலத்தில் பதிவாகி, இன்று வீட்டுப் பரண்களில் கிடந்து அழிந்துகொண்டிருப்பவற்றைப் பற்றியது.

சென்னை நிலையத்தின் அலைகள் திண்டுக்கல்லை எட்டவில்லை. 1980களில் கொடைக்கானலில் எழுந்த தூர்தர்ஷன் கோபுரமே இச்சமவெளிக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. கூரைகளில் நின்ற ஆன்டெனாக்கள் மலையை நோக்கித் திரும்பின. வெள்ளிக்கிழமை மாலைகளில் 'ஒளியும் ஒலியும்' காணத் தெருவே ஒரு வீட்டில் கூடியதை நம்மில் பலர் அறிவோம். ஆயினும் அக்கோபுரம் அனுப்பியவை பெரும்பாலும் தில்லியிலும் சென்னையிலும் உருவானவை. மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் தம் ஊரைத் திரையில் காண அடுத்த பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த வாய்ப்பைத் தந்தது கேபிள். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழகத்தின் சிற்றூர்களிலும் கம்பிகள் ஓடின. கேபிள் நடத்துநர்கள் ஓர் அலைவரிசையைத் தமக்கென ஒதுக்கி, ஒரு விசிஆரையும், திருமணப் படமெடுப்பவரின் ஒரு கேமராவையும் கொண்டு உள்ளூர் ஒளிபரப்பை நடத்தினர். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், நகராட்சித் தேர்தல் கூட்டம், பிறந்தநாள் வாழ்த்து, கடை விளம்பரம் என எல்லாம் அதில் வந்தன. கலைநயம் பார்த்தால் இவை தேறமாட்டா. படம் நடுங்கும், ஒலி இரையும். ஆனால், ஒரு காலத்து மக்களின் பேச்சு வழக்கையும், இன்று இடிக்கப்பட்டுவிட்ட கடைவீதிகளையும், அன்றைய விலைவாசியையும், பெயர் தெரியாத நாட்டுப்புறக் கலைஞரின் குரலையும் அறிய இவற்றைவிட நேரான சான்று வேறில்லை. நாளிதழில் இரண்டு வரி பெறாத நிகழ்ச்சி இங்கே இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும்.

இவற்றைக் காக்கும் கடமை எவருக்கும் இருந்ததில்லை. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் குறிக்கும் பதிவேடு ஒன்றை நடத்துநர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதுவும் ஓராண்டுக்கு மட்டுமே. நிகழ்ச்சியைச் சேமிப்பது பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. வெற்று நாடா விலையுயர்ந்தது. ஆகவே சென்ற ஆண்டுத் திருவிழாவின் மீதே இவ்வாண்டுத் திருவிழா பதிவாயிற்று. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசும் திருப்பணியாளரைக் கண்டு நாம் கொதிப்பதுண்டு. சுண்ணாம்பையாவது சுரண்டிப் படிக்கலாம். நாடாவில் அதற்கும் வழியில்லை. தூர்தர்ஷனும் தன் பழைய நாடாக்கள் பலவற்றை இவ்வாறே மறுபயன்பாட்டில் இழந்தது. எஞ்சியவற்றை இன்று பிரசார் பாரதியின் ஆவணப் பிரிவு யூடியூபில் வெளியிட்டு வருகிறது. உள்ளூர் அலைவரிசைகளுக்கு அத்தகைய ஆவணப் பிரிவு ஏது?

அமெரிக்காவிலும் உள்ளூர் ஒளிபரப்புகள் பல, நிலையங்களால் அன்றித் தனிமனிதரின் பிடிவாதத்தாலேயே பிழைத்தன. பிலடெல்ஃபியாவில் நூலகராக இருந்த மேரியன் ஸ்டோக்ஸ், 1970களின் இறுதியில் தொடங்கி 2012 டிசம்பரில் தாம் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவுபகலாகப் பதிவு செய்தார். சேர்ந்த நாடாக்கள் ஏறத்தாழ 70,000. 1968 முதல் 1971 வரை அந்நகரில் ஒளிபரப்பான 'இன்புட்' என்னும் ஞாயிற்றுக்கிழமை விவாத நிகழ்ச்சியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. அதன் பதிவுகளை அவர் காத்து வைத்திருந்ததால்தான் இன்று அவை இணையத்தில் காணக் கிடைக்கின்றன. அவர் மறைந்தபின் குடும்பத்தார் முழுத் தொகுப்பையும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நிறுவனத்துக்கு அளித்தனர்.

1996இல் தொடங்கிய அந்நிறுவனம் நன்கொடைகள், அறக்கட்டளை நல்கைகள், பிறருக்கு நூல்களை மின்னாக்கம் செய்து பெறும் கட்டணம் ஆகியவற்றால் இயங்குகிறது. செலவு எங்கே வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நூலின் பக்கத்தை நொடியில் படமெடுக்கலாம். ஆறு மணி நேர நாடாவை மின்னாக்க ஆறு மணி நேரமும் அதனை ஓட்டியாக வேண்டும். 70,000 நாடாக்களும் அவ்வளவு நீளமென்று கொண்டால், ஒரே கருவி ஓய்வின்றி ஓடினாலும் ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆகும். அன்பளிப்பாக வந்த நாடாவும் உண்மையில் இலவசமன்று.

தமிழில் முன்மாதிரி இல்லாமலில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த நினைவு ஆறாத ஈழத்தமிழர், 2005இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். தன்னார்வலர் உழைப்பாலும், தாயகத்திலும் புலம்பெயர்ந்தும் வாழ்வோரின் நன்கொடையாலும் வளர்ந்த அம்முயற்சி, நூல்களோடு நில்லாமல் ஒலி, ஒளிப் பதிவுகளையும் 'ஆவணகம்' வழியே சேர்க்கிறது. பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையைவிட, மாதந்தோறும் சிறுதொகை அனுப்பும் பலரே இத்தகைய பணிக்கு ஏற்றவர் என்பது எங்கள் கருத்து. வழங்கியின் கட்டணம் மாதந்தோறும் வருவதன்றோ? ஒரே இடத்தில் வைப்பதும் ஆகாது. 2024 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் இன்டர்நெட் ஆர்க்கைவே சில நாள் முடங்கிற்று.

சட்டச் சிக்கலும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் தனியுரிமை 25 ஆண்டுகளில் முடிகிறது. 1990களின் ஒளிபரப்புகளுக்கு அது கடந்துவிட்டது. ஆனால், இடையிடையே சேர்த்த திரைப்படப் பாடல்களுக்கும், படமெடுத்தவரின் ஒளிப்பதிவுக்கும் 60 ஆண்டுகள். ஆகவே நடத்துநர், ஒளிப்பதிவாளர் ஆகியோரின் எழுத்துமூல இசைவைப் பெறுவது நல்லது. அவர்கள் முதுமையடைந்து வருகின்றனர்.

கருவிகளின் நிலையும் அதுவே. உலகின் கடைசி விசிஆர் உற்பத்தி 2016 ஜூலையில் நின்றது. பழுதுபார்க்கத் தெரிந்தவர் குறைந்து வருகின்றனர். ஐப்பசி மழையில் நாடாவில் பூஞ்சை படர்கிறது. அப்படியே விசிஆரில் செருகினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். முதலில் உலர்த்தித் துடைக்க வேண்டும். திண்டுக்கல், சின்னாளபட்டி, பழனி, வத்தலக்குண்டு அன்பர்கள் தம் வீட்டு நாடாக்களைத் தேடும்போது உறைகளையும் எறிந்துவிட வேண்டாம். ஆண்டும் தெருப்பெயரும் பெரும்பாலும் அவ்வுறைகளில்தான், பேனாவால் எழுதப்பட்டிருக்கும்.