உவரி மணலும் ஒரு நாள் விவாதமும்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் கடலைப் பார்த்து நிற்கும் ஊர் உவரி. சுயம்புலிங்க சுவாமி கோயிலையும் கப்பல் மாதா ஆலயத்தையும் நாடி அங்கே வருவோர் பலர். நான் சென்ற மாலையில் என் கருத்தைக் கவர்ந்தது கரையின் மணல். அலை பின்வாங்கிய இடத்தில் கருமையும் செம்மையுமாக வரிகள் படிந்திருந்தன. கருமை இல்மனைட்; செம்மை கார்னெட். இவற்றோடு சிறிதளவு மோனசைட்டும் இக்கரையில் உண்டு. மோனசைட்டில் இருப்பது தோரியம் என்னும் அணுசக்திப் பொருள்.

இம்மணலின் வரலாறு விளக்கிலிருந்து தொடங்குகிறது. 1909-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்க் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். அந்நாளில் தோரியம் வாயு விளக்கின் வலைத்திரிக்குப் பயன்பட்டது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபின், அணுசக்திப் பொருள்கள் யாவும் நாட்டுப் பாதுகாப்பைச் சார்ந்தவை ஆகிவிட்டன.

1948 ஏப்ரல் 6-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை, சட்டமன்றமாகக் கூடி, அணுசக்தி மசோதாவை விவாதித்தது. மசோதாவைக் கொணர்ந்தவர் பிரதமர் ஜவாஹர்லால் நேரு. ஆராய்ச்சி, மூலப்பொருள் ஆகிய இரண்டையும் அது சர்க்காரின் கட்டுப்பாட்டில் வைத்தது; இரகசியத்தையும் வற்புறுத்தியது. மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து ஒரு வினா விடுத்தார். பிரிட்டிஷ் சட்டத்தில் இரகசியம் பாதுகாப்புக்கு மட்டுமே உரியது. இங்கு அமைதிப் பணிக்கான ஆராய்ச்சிக்கும் ஏன் அந்தத் திரை? நேருவோ, இவ்விரண்டையும் எவ்வாறு பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். மசோதா சட்டமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் அமைந்தது.

வினா மட்டும் ஓயவில்லை. 1954 மே மாதத்தில் மக்களவையில் விஞ்ஞானி மேகநாத் சாஹா அதனை மீண்டும் எழுப்பினார். திரைக்குப் பின்னால் விஞ்ஞானம் வளராது. பல்கலைக்கழகங்களும் பங்குபெற வேண்டும் என்பது அவர் கட்சி. இருதரப்பிலும் நியாயம் இருந்தது. இரகசியம் காக்காத நாட்டுக்குப் பிற நாடுகள் தம் நுட்பத்தைக் கொடா என்பது அரசின் அச்சம். பலர் சோதித்துப் பாராத அறிவு தேங்கிப்போகும் என்பது விஞ்ஞானியின் அச்சம்.

உவரிக்குத் தென்மேற்கே அதே கரையில் இருப்பது கூடங்குளம். 1988-இல் சோவியத் நாட்டோடு செய்த உடன்படிக்கையின் பயனாக எழுந்த அணுமின் நிலையம் அது. அங்கே எரிபொருள் நம் மணலின் தோரியம் அன்று. ருஷ்யாவிலிருந்து வரும் யுரேனியம். முதல் உலை 2013-இல் இயங்கத் தொடங்கிற்று. ஓர் உலையின் திறன் 1000 மெகாவாட். நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம் என்பது அதன் சிறப்பு. ஆயினும் 2011-இல் கரையோர மக்கள் திரண்டு போராடியபோது, பாதுகாப்பு ஆய்வறிக்கைகளை வெளியிடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. கிருஷ்ணமூர்த்தி ராவின் வினா, அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மீனவர் வாயில் வேறு சொற்களில் பிறந்தது.

அன்று உவரிக் கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், மணலில் உள்ளதை நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "இத்தனை காலமாக இதன்மேல் படுத்து உறங்கியிருக்கிறோம், ஐயா. இதை எங்களிடம் யார் வந்து சொன்னார்கள்?" என்றார்.

மாணவ நண்பர்களே, நாட்டைக் காக்கும் இரகசியம் எது, மக்கள் அறியவேண்டிய செய்தி எது என்று எல்லை வகுப்பது எளிதன்று. நேருவுக்கே அது அரிதாயிருந்தது. நாளை விஞ்ஞானிகளாகவும் சட்டம் இயற்றுவோராகவும் நீங்கள் அமரும்போது, அந்த எல்லையை வகுக்கும் பொறுப்பு உங்களுடையது. அப்போது அம்முதியவருக்கு ஒரு விடை வைத்திருங்கள்.