உதைபந்தாட்ட முன்னோடி ரொம் வில்ஸ்

மெல்பேண் நகரில் குளிர்காலம் பிறந்துவிட்டால், மக்களின் பேச்சிலே முதலிடம் பெறுவது உதைபந்தாட்டமாகும். ஆனால் அது உலகின் பிற பாகங்களில் ஆடப்படும் உதைபந்தாட்டத்தினின்றும் வேறுபட்டது. அணிக்குப் பதினெண்மர் ஆடுவர். மைதானமும் பந்தும் நீள்வட்ட வடிவின. பந்தைக் காலால் உதைக்கலாம், கையாற் பற்றலாம், பற்றிக்கொண்டு ஓடவும் செய்யலாம். இலண்டனிலே உதைபந்தாட்டச் சங்கம் 1863இல் தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே இவ்வாட்டத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டுவிட்டன. அதற்கு வழிகோலியவர்களுள் தலையாயவர் தோமஸ் வென்ற்வேத் வில்ஸ். ரொம் வில்ஸ் என்றே அவரை மக்கள் அழைத்தனர்.

வில்ஸ் 1835ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 19ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். பாட்டனார் வழிப்பறிக் குற்றத்திற்காக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர். தந்தையார் ஹொறேஷியோ வில்ஸோ பெரும் செம்மறிப் பண்ணையாளராய் உயர்ந்தவர். ரொம் சிறு பிள்ளையாய் இருக்கையில் குடும்பம் இன்றைய விக்டோரியாவின் மேற்குப் பகுதியிற் குடியேறிற்று. அந்நிலம் ஜாப் வுறுங் என்னும் ஆதிக்குடிகளுடையது. அயலிலே வெள்ளைச் சிறுவர் அரிதாகையால், ஆதிக்குடிச் சிறுவரே அவருக்கு விளையாட்டுத் தோழராயினர். அவர்தம் மொழியையும் பாடல்களையும் ரொம் கற்றுக்கொண்டார்.

பதினான்காவது வயதிலே, 1850இல், அவர் இங்கிலாந்திலுள்ள றக்பி பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். நூற்படிப்பிலும் மைதானமே அவர் மனத்தைக் கவர்ந்தது. கிறிக்கெற் அணியின் தலைவராய் விளங்கியதோடு, அப்பாடசாலைக்கே உரிய முரட்டு உதைபந்தாட்டத்திலும் பேர்பெற்றார். 1856ஆம் ஆண்டின் இறுதியிலே தாயகம் மீண்டவர், விக்டோரியாவின் சிறந்த கிறிக்கெற் வீரராக விரைவில் மதிக்கப்பட்டார்.

1858ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆம் நாள், மெல்பேண் விளையாட்டுப் பத்திரிகையொன்றில் அவர் எழுதிய கடிதம் வெளியாயிற்று. குளிர்காலத்திலே கிறிக்கெற் வீரர் சோம்பியிருந்து உடல் தளராதிருக்கும் பொருட்டு, உதைபந்தாட்டக் கழகமொன்றை நிறுவி அதற்கு விதிகள் வகுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். அவ்வாண்டு ஓகஸ்ற் 7ஆம் நாள் ஸ்கொச் கல்லூரிக்கும் மெல்பேண் கிறாமர் பாடசாலைக்கும் இடையே ஆட்டமொன்று தொடங்கிற்று. அணிக்கு நாற்பதின்மர் ஆடினர். நடுவர்களுள் ஒருவர் வில்ஸ். மற்றவர் கலாநிதி யோன் மக்கடம். மக்கடேமியா என்னும் பருப்பு மரம் இவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவ்வாட்டம் மூன்று சனிக்கிழமைகள் நீடித்து, ஆளுக்கொரு கோலுடன் வெற்றிதோல்வியின்றி முடிவுற்றது.

மறு ஆண்டு மே 17ஆம் நாள், வில்ஸும் ஹமர்ஸ்லி, தொம்சன், சிமித் ஆகியோரும் ஒரு விடுதியிலே கூடிப் பத்து விதிகளை வகுத்தனர். றக்பி முறையையே வில்ஸ் பெரிதும் விரும்பினார். ஏனையோரோ எளிமையை வேண்டினர். மெல்பேண் நிலம் கடினமானது. ஆடுவோரும் மறுநாள் தொழிலுக்குச் செல்லவேண்டியவர்கள். ஆதலின், எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கும் றக்பி வழக்கம் விலக்கப்பட்டது. உதைத்த பந்தை நிலத்தில் விழாமற் பற்றியவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை அளிக்கப்பட்டது. இன்று பல்லாயிரவரை ஆரவாரிக்கச் செய்யும் அந்தரப் பிடிக்கு மூலவிதி இதுவே.

புகழின் உச்சியிலிருந்த வில்ஸைப் பெருந்துயர் ஒன்று காத்திருந்தது. 1861இல் அவர் தந்தையாருடன் குயின்ஸ்லாந்திலே புதிய பண்ணை அமைக்கச் சென்றார். கல்லின்லாறிங்கோ என்னும் அவ்விடத்தில், ஒக்ரோபர் 17ஆம் நாள், ஆதிக்குடியினர் குடியேறிகளைத் தாக்கினர். ஹொறேஷியோ உட்பட, பெண்களும் குழந்தைகளுமாகப் பத்தொன்பதின்மர் மாண்டனர். பொருள்கள் கொண்டுவரச் சென்றிருந்தமையால் ரொம் உயிர் தப்பினார். அயற்பண்ணையார் ஒருவர் ஆதிக்குடியினரைச் சுட்டதற்குப் பழியாகவே இது நிகழ்ந்தது என்று பின்னர் கூறப்பட்டது. இதற்குப் பதிற்பழியாகக் கொல்லப்பட்ட ஆதிக்குடியினரோ நூற்றுக்கணக்கினர் என்பர். அன்று முதல் வில்ஸின் உறக்கம் குலைந்தது. மதுவின் பிடி இறுகிற்று.

இத்துயர் நிகழ்ந்து ஐந்தே ஆண்டுகளில், மேற்கு விக்டோரியாவின் ஆதிக்குடி வீரர்களைக் கொண்ட கிறிக்கெற் அணிக்கு அவர் பயிற்சியாளரும் தலைவருமானார். 1866ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், மெல்பேண் கிறிக்கெற் மைதானத்திலே அவ்வணி ஆடியபோது ஏறத்தாழ 10,000 பேர் திரண்டனர். தந்தையை ஆதிக்குடியினரிடம் பறிகொடுத்தவர், ஆதிக்குடி வீரருடன் தோளோடு தோள் நின்று களம் இறங்கினார். பகைமை முற்றாக நீங்கியதோ, இளமைப் பாசம் மேலோங்கியதோ, வறுமையே காரணமோ என்று அறிஞர் ஆராய்வர். 1868இல் ஆதிக்குடி அணி இங்கிலாந்து சென்றபோது, வில்ஸுக்கு அதில் இடமிருக்கவில்லை. சாள்ஸ் லோறன்ஸ் என்பவர் அதனை நடத்திச் சென்றார்.

அவர் செயலின் பொருளை எளிதில் தீர்த்துவிட இயலாது. பழிவாங்கும் கொலைகளில் வில்ஸும் பங்குபற்றினார் எனக் கூறும் 1895ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையொன்று 2021இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் நம்பகத்தன்மை குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேற்றுமை நிலவுகின்றது. மேற்கு விக்டோரிய ஆதிக்குடியினர் தோலாற் செய்த பந்தை உதைத்து, உயரத் தாவிப் பிடித்து ஆடிய மார்ன்குறூக் என்னும் ஆட்டமே அவரது உதைபந்தாட்டத்திற்கு மூலமென்போரும் உளர். 1859ஆம் ஆண்டு விதிகளிலே அதற்கு நேரான சான்று இல்லை. ஆயினும் ஆதிக்குடிச் சிறுவருடன் வளர்ந்தவர் அவர் என்பதை எவரும் மறுக்கவியலாது.

அவரது இறுதி மிகப் பரிதாபமானது. கிறிக்கெற்றிலே பந்தை எறிகிறார் என்னும் குற்றச்சாட்டு, கடன், மது ஆகியன அவரை வீழ்த்தின. 1880 மே 2ஆம் நாள், மெல்பேண் வைத்தியசாலையிலிருந்து வெளியேறி வீடு வந்தவர், கத்தரிக்கோலாற் தம்மைத் தாமே குத்தி உயிர்நீத்தார். வயது நாற்பத்து நான்கு. ஹைடல்பேக் இடுகாட்டிலே அவர் புதைகுழி நூறு ஆண்டுகள் பெயரின்றிக் கிடந்தது. உதைபந்தாட்டத்தின் தந்தை என்னும் பட்டமும் அவருடைய சகோதரியை மணந்த உறவினர் ஹறிசனுக்கே நெடுங்காலம் வழங்கிற்று.

1980இலேதான் புதைகுழிக்குக் கல் நாட்டப்பட்டது. 2001இல் மெல்பேண் கிறிக்கெற் மைதானத்தின் அருகே, 1858ஆம் ஆண்டு ஆட்டத்தில் நடுவராய் நிற்கும் கோலத்தில் அவர் சிலை எழுந்தது. நாடுகடத்தப்பட்டவரின் பேரன், ஆதிக்குடிச் சிறுவரின் தோழன், துயரத்தாற் சிதைந்த மனிதன் என்று பல முகங்கொண்ட இவ்வாழ்க்கையை அறிந்தவர்க்கு, வானளாவ எழும் அப்பந்தின் பின்னே ஒரு நாட்டின் வரலாறும் காயமும் ஒருங்கே தென்படும்.