‘எவனுமில்லை’ என்கிற உடைமையாளன்

கணினி மொழிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் மொழியின் நளினத்தைப் பேசுகிறார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பதில்லை. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் வாடகை இடத்தில் ‘ரூட்’ எனும் முழு அதிகாரம் வீட்டுக்காரனுக்கே. நமக்கு ஒரு ஃபோல்டர், ஒரு டேட்டாபேஸ், எஃப்டிபி கடவுச்சொல். அவ்வளவுதான். 1995இல் வெளியான பிஎச்பி இந்த அதிகாரமின்மைக்குள் கச்சிதமாகப் பொருந்திற்று: ஃபைலை ஏற்றிவிட்டால் போதும், ஓடும். 2004இல் வந்த ரெயில்ஸுக்கோ ஓயாமல் ஓடும் புராசஸ் தேவை. வாடகைச் சர்வர்களில் அது அடிக்கடி கொல்லப்பட்டது. ஆக, பிஎச்பியின் பரவலைத் தரத்தின் வெற்றி என்று வாசிப்பது பாதி வாசிப்பே. குடிக்கூலி அரசியலும் அதிலிருக்கிறது.

கண்காணிப்பை மொழிக்குள்ளேயே வைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘சேஃப் மோட்’ எனும் ஏற்பாடு, ஃபைலைத் திறக்குமுன் அதன் உடைமையாளரும் நிரலின் உடைமையாளரும் ஒருவர்தானா என்று பார்க்கும். என் நிரல் ஒரு ஃபோல்டரை உண்டாக்கும். ஆனால் நிரலை ஓட்டுவது அப்பாச்சி, பல சர்வர்களில் ‘நோபடி’ என்ற பெயரில். எனவே ஃபோல்டரின் உடைமையாளர் ‘எவனுமில்லை’. நான் உண்டாக்கியதற்குள் நானே எழுத முடியாது! உழைப்பவனுக்கும் விளைபொருளுக்கும் நடுவே விழும் வெட்டு இதைவிடப் பச்சையாகத் தெரியுமா? மொழியின் மட்டத்தில் இதைத் தீர்க்கப் பார்ப்பது கட்டமைப்பளவில் தவறு என்று பிஎச்பி கையேடே ஒப்புக்கொண்டிருந்தது. இருந்தும் 2012இல், 5.4ஆம் பதிப்பில்தான் அதைத் தூக்கினார்கள்.