சுகாதாரப் பணியாளர்களிடையே காசநோய்: பொதுமக்களுடனான ஒப்பீடு உணர்த்துவது என்ன?

காசநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக நுட்புநர்கள், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோருக்குப் பொதுமக்களைவிட அந்நோய் அதிகம் ஏற்படுகிறதா என்பது, மருத்துவமனைகளின் பாதுகாப்பை அளவிட உதவும் முக்கியக் கேள்வியாகும்.

குறியீடு என்ன?

சுகாதாரப் பணியாளர்களிடையே ஓராண்டில் பதிவாகும் காசநோய் விகிதத்தை, வயதுவந்த பொதுமக்களிடையே பதிவாகும் விகிதத்துடன் ஒப்பிடுமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், பணியிடத்தால் கூடுதல் அபாயம் இல்லை எனக் கருதலாம். பணியாளர்களின் விகிதம் கணிசமாக அதிகரித்தால், மருத்துவமனைக்குள்ளேயே தொற்று பரவுவதாகச் சந்தேகிக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 2015-ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய காசநோய் பாதிப்பு, 2024-ஆம் ஆண்டில் 187 ஆகக் குறைந்துள்ளது. இதன் அடிப்படையில், 1,000 பேர் பணிபுரியும் மருத்துவமனையில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு நோய் ஏற்படலாம். தொடர்ந்து சில ஆண்டுகள் 5 அல்லது 6 பேர் பாதிக்கப்பட்டால், அங்குள்ள தடுப்பு ஏற்பாடுகளை ஆராய்வது அவசியம்.

ஆய்வு கூறுவது

மகாராஷ்டிர மாநிலம், சேவாகிராமில் உள்ள மருத்துவக் கல்லூரியில் 726 சுகாதாரப் பணியாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005-ஆம் ஆண்டில் வெளியானது. தோல் பரிசோதனை அல்லது ரத்தப் பரிசோதனையில் அவர்களில் பாதிப் பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. வயதும் பணி ஆண்டுகளும் கூடக்கூடத் தொற்றுக்கான வாய்ப்பும் கூடியது. எனினும், தொற்று என்பது நோய் அல்ல. தொற்று ஏற்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் நோய் உருவாகிறது. நீரிழிவு, எச்ஐவி பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

கணக்கிடுவதில் சிக்கல்

பரிசோதனை வசதி அருகிலேயே இருப்பதால் பணியாளர்களின் நோய் விரைவாகக் கண்டறியப்பட்டு, விகிதம் உயர்ந்து தோன்றலாம். மாறாக, சமூகப் புறக்கணிப்புக்கு அஞ்சி நோயை மறைப்பவர்களும், பதிவேட்டில் இடம்பெறாத ஒப்பந்தப் பணியாளர்களும் கணக்கில் விடுபடுவதால் விகிதம் குறைந்தும் தோன்றலாம். எனவே, ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்துக் கணக்கிடாத ஒப்பீடு முழுமையானதாகாது.

தடுப்பு வழிகள்

சிகிச்சை தொடங்கிய நோயாளியைவிட, இன்னும் நோய் கண்டறியப்படாமல் புறநோயாளிகள் வரிசையில் இருமிக்கொண்டிருப்பவரிடமிருந்தே தொற்று பரவும் ஆபத்து அதிகம். ஆகவே, இருமல் உள்ளவர்களை நுழைவாயிலிலேயே கண்டறிந்து, தனியாக அமரவைத்து, விரைவாகப் பரிசோதிப்பது முதன்மையான தடுப்பாகும். சன்னல்களைத் திறந்து காற்றோட்டத்தை உறுதிசெய்வது அடுத்தது. சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் நோயாளியின் இருமலில் வெளிப்படும் துளிகளைக் கட்டுப்படுத்தும். பணியாளரின் பாதுகாப்புக்கு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் தேவை.

சட்டப் பாதுகாப்பு

சுகாதாரப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் ஏற்படும் தொற்றுநோய்களைத் தொழில்சார் நோய்களாக 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் வகைப்படுத்தியது. இருப்பினும், நோய் பணியிடத்தில்தான் ஏற்பட்டது என்பதை நிறுவப் பதிவேடுகள் தேவை. பணியில் சேரும்போதும், பின்னர் குறிப்பிட்ட இடைவெளியிலும் பரிசோதித்து முடிவுகளைப் பதிவுசெய்வது, நோயை முன்கூட்டியே கண்டறிவதுடன் பணியாளரின் உரிமைக்கும் சான்றாக அமையும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு ஆகிய அறிகுறிகள் தென்பட்டால், சுகாதாரப் பணியாளர்களும் தாமதமின்றிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.